சின்னசேக்காட்டில் மருந்துப்பை வரும் நேரம்

காலை ஏழே முக்காலுக்குத் திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் இறங்கி மணலிக்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். பக்கிங்காம் கால்வாயைத் தாண்டியதுமே கன்டெய்னர் லாரிகளின் வரிசை ஆரம்பித்துவிட்டது. அவற்றின் இடுக்கில் நெளிந்து நெளிந்து ஆட்டோ போனது. பக்கத்தில் முந்தானையால் மூக்கை மூடியிருந்த பெண் கையை எடுத்துவிட்டு, "இன்னிக்குப் பரவால்ல சார், காத்து அந்தாண்ட அடிக்குது" என்றார். மணலியில் காலையில் எழுந்ததும் பார்க்கவேண்டிய முதல் விஷயம் அதுதான்.

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களைப் பார்க்கத்தான் போனேன். அவர்களுக்கு யார் கற்றுக்கொடுக்கிறார்கள், கற்றவர்கள் ஏன் அந்த வேலையில் நிலைப்பதில்லை, அரசின் பணம் இதில் எதுவரை வந்து எந்த இடத்தில் நின்றுபோகிறது? இந்தக் கேள்விகள் பல வருஷமாக என்னிடம் இருக்கின்றன. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் தாழ்வாரத்தில் ஏழெட்டுப் பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து மாத்திரை அட்டைகளைப் பிரித்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். பெயர் எழுதிய காகித உறைகளில் மெட்ஃபார்மின் இத்தனை, அம்லோடிபின் இத்தனை என்று ஒரு மாதத்துக்கு உரியது போகிறது. நான் கூடவே நடப்பதாகப் பேசி வைத்திருந்தவருக்கு வயது முப்பத்தெட்டு. பெயர் போடவேண்டாம் என்றார். தெருவில் எல்லோரும் அவரை 'மாத்திரக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். அவருடைய பையில் பிரஷர் பார்க்கும் கருவி, சுகர் பார்க்கும் கருவி, அதற்குரிய பட்டைகள், பஞ்சு, குத்திய ஊசிகளைப் போடுவதற்கு ஒரு டப்பா, நீள நோட்டு ஒன்று, குடை, ஒரு பாட்டில் தண்ணீர். செல்போன் இடுப்பில் செருகியிருக்கிறது. பதிவெல்லாம் அதில்தான்.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. முதல் கட்டத்திலேயே சென்னை மாநகராட்சியும் அதில் இருந்தது. நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மருந்து அவர் வீட்டுக்கு வரும். படுக்கையில் கிடப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையாளரும் வலிநிவாரணச் செவிலியரும் வருவார்கள். சிறுநீரகம் பழுதானவர்களில் வீட்டிலேயே வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்குத் திரவப் பைகளும் வீடு தேடி வரும். 2022 டிசம்பரில் திருச்சி மாவட்டம் சன்னாசிப்பட்டியில் ஒரு கோடியாவது பயனாளியின் கையில் மருந்துப்பெட்டி கொடுக்கப்பட்டது. 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் தொற்றா நோய்த் தடுப்புப் பணிக்குழு இதற்கு விருது கொடுத்தது. கொடுக்கத் தகுந்த விருதுதான். மாத்திரக்காவின் பின்னால் நாலு தெரு நடந்த பிறகு அதை மனதாரச் சொல்கிறேன்.

திட்டத்தின் கால்கள் இந்தப் பெண்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-லும், தருமபுரியில் முதல் சுயஉதவிக் குழுக்கள் 1989-லும் வந்தன. முப்பது வருஷமாகக் கட்டிய அந்த வலை இருந்ததால்தான் மாநிலம் முழுவதற்கும் ஆயிரக்கணக்கில் ஆட்களைத் திரட்ட முடிந்தது. பிரஷர், சுகர் பார்க்கவும், பதிவு செய்யவும், எந்த அளவுக்கு மேல் போனால் உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்றும் பயிற்சி கொடுத்தார்கள். அரசு அவர்களுக்கு வைத்த பெயர் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர். தன்னார்வலர் என்ற அந்தச் சொல்லைப் படிப்பவர்கள் கொஞ்சம் மனதில் வைத்திருக்க வேண்டும்.

எட்டரைக்கு மணலியின் சின்னசேக்காட்டுச் சந்து ஒன்றில் நுழைந்தோம்.

"இன்னா ஆயா, மாத்திர சாப்ட்டியா?"

வாசற்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த கிழவி நிமிர்ந்தாள். "சாப்ட்டேன்மா. உன் கைல பொய் சொல்லி இன்னா ஆவப்போவுது?"

"அட்டயக் காட்டு."

கிழவி முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். எண்ணிப் பார்த்தால் நாலு நாள் மாத்திரை மிச்சம். மாத்திரக்கா திட்டவில்லை. படியில் உட்கார்ந்து கிழவியின் இரண்டு கால்களையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இடுக்கில் பார்த்தார். இடது காலில் சுண்டு விரலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெடிப்பு. கிழவிக்கு அது இருப்பதே தெரியாது. சுகர்காரர்களுக்குக் காலில் உணர்ச்சி குறைந்துவிடும்; கல் குத்தினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது, சீழ் வைத்து வாடை வந்த பிறகுதான் தெரியும். அப்போது விரலை எடுக்க வேண்டும், சிலருக்குக் காலையே எடுக்க வேண்டும். "நாளைக்கு சென்டருக்கு வரணும். நான் வந்து இட்டுக்கினு போறேன்" என்று சொல்லி நோட்டில் குறித்துக்கொண்டார்.

காலைப் பார்க்கச் சொல்லித் தந்தார்களா என்று கேட்டேன். "சொல்லிக் குடுத்தாங்க சார். ஆனா எந்த ஆயா காலக் காட்டும், எது காட்டாதுன்னு யாரும் சொல்லிக் குடுக்க முடியாது இல்ல. அது நடந்து நடந்து வர்றது."

அடுத்த வீட்டில் கதவைத் திறக்கவில்லை. அதற்கடுத்த வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்களாம், அம்மாவுக்குச் சுகர் என்று அக்கம்பக்கத்துக்குத் தெரியக்கூடாது. ஆகவே பின்பக்கச் சந்து வழியாகப் போய் மருந்தைக் கொடுத்தோம். இப்படிப் பதினோரு வீடு. வெயில் ஏறிவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் பிரஷர் பட்டையைச் சுற்றி, காற்று ஏறி இறங்கும்வரை காத்திருந்து, எண்ணை நோட்டில் எழுதி, அதையே செல்போனில் ஏற்றி, சிக்னல் போனால் தெருவுக்கு வந்து கையைத் தூக்கி நின்று மறுபடி ஏற்றி, இவ்வளவும் நடக்கிறது.

மணலியைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். 1960-களின் பாதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை என்று வரத் தொடங்கி, பின்னால் பெட்ரோகெமிக்கல் ஆலைகள் அடுக்கடுக்காக வந்த ஊர். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழில் பகுதிகளுக்கு மாசு மதிப்பெண் போட்டபோது மணலிக்கு 76.32 விழுந்தது; 70-ஐத் தாண்டினாலே கடும் மாசுப் பகுதி. 2011-ல் நகராட்சி கலைந்து சென்னை மாநகராட்சியின் இரண்டாவது மண்டலமானது. இழுப்பு, தூக்கமில்லாத ஷிப்ட், லாரி ஓட்டுநரின் உட்கார்ந்த வாழ்க்கை, அதனால் வரும் பிரஷர், பக்கவாதம், சாலை விபத்தில் முதுகெலும்பு போனவர்கள். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டிய உடம்புகள் இங்கே அதிகம்.

பன்னிரண்டாவது வீட்டில்தான் அன்றைக்கு அதிக நேரம் இருந்தேன்.

ஒரே அறை. இரும்புக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே இரண்டு இரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்கள். அதன்மேல் காற்று மெத்தை. சின்ன மோட்டார் விடாமல் முனகிக்கொண்டிருக்கிறது. படுத்திருப்பவருக்கு ஐம்பத்து நாலு வயது. கன்டெய்னர் லாரி ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன்னால், துறைமுகத்துக்குப் போகும் வரிசையில் வண்டி நின்றிருந்தபோதே வலது கை விழுந்துவிட்டது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். மூக்குவழி டியூப், யூரின் டியூப் இரண்டோடும் வீட்டுக்கு வந்தார். கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்த மனைவி அன்றோடு வேலையை விட்டார்.

"மொத நாள் ராத்திரி பூரா ஒக்காந்து அழுதுக்கினு இருந்தேன். கஞ்சி ஊத்தத் தெரியாது. ஊத்துனா பொரையேறி செத்துடுவாரோன்னு பயம்" என்றார் அந்த அம்மா.

வலிநிவாரணச் செவிலியர் வந்து கற்றுக்கொடுத்தார். ஊற்றுவதற்கு முன் தலையையும் தோளையும் பாதி உட்கார்ந்த நிலைக்குத் தூக்க வேண்டும். டியூபில் போட்டிருக்கும் குறி இடம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கஞ்சியை வடிகட்ட வேண்டும். முடிந்ததும் தண்ணீர் விட்டு டியூபைக் கழுவ வேண்டும், அரைமணி நேரம் படுக்க வைக்கக் கூடாது. இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் போட வேண்டும். குதிகால் மெத்தையில் படாமல் தலையணை கொடுக்க வேண்டும். படுக்கைப் புண் மேலே காசளவு தெரியும்போது உள்ளே கையளவு இருக்கும்.

புரட்டுவதை அந்த அம்மா எங்களுக்குச் செய்து காட்டினார். அவர் நாற்பத்தைந்து கிலோ இருந்தால் அதிகம். படுத்திருப்பவர் எண்பதுக்குக் குறையமாட்டார். கையைப் பிடித்து இழுக்கவில்லை. தூரத்து முழங்காலை மடக்கினார், ஒரு கையைத் தோளிலும் ஒரு கையை இடுப்பிலும் கொடுத்தார், தன் உடம்பைப் பின்னால் சாய்த்தார். அவ்வளவு பெரிய ஆள் கதவு திறப்பதுபோல் திரும்பினார். இடுப்புக்குக் கீழே, வால் எலும்பின் மேல், ஆறிய புண்ணின் தழும்பு இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. "அஞ்சு மாசம் ஆச்சு இது மூட" என்று அதைத் தொட்டுக் காட்டினார். மூடிவிட்டது. படுக்கைப் புண்ணை ஆற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்கு அந்தத் தழும்பின் அருமை தெரியும்.

மாத்திரக்கா அதற்குள் பிரஷர் பார்த்துவிட்டு, படுத்திருந்தவரின் வலது கை விரல்களை நீவி நீவி விரித்துக்கொண்டிருந்தார். இயன்முறை சிகிச்சையாளர் வந்து சொல்லிக்கொடுத்த பயிற்சி. பக்கவாதத்தில் முதல் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் மீள்வதுதான் பெரும்பங்கு. அப்போது கையைப் பழக்காமல் விட்டால் விரல்கள் முஷ்டியாக இறுகிவிடும். இது இவருடைய பணியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கட்டிலில் கிடந்தவர் இடது கையால் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். வார்த்தை குழறியது. மனைவி புரிந்துகொண்டு சொன்னார்: "டீ குடுத்தியான்னு கேக்குறாரு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குக் காரணம் அவர் மட்டும் இல்லை.

பல வருஷத்துக்கு முன்னால் என் அப்பாவும் இப்படித்தான் கிடந்தார். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். ஒரு ஏஜென்சி மூலம் ஆள் வைத்தோம். வந்த முதல் பெண்ணுக்கு எதுவுமே சொல்லித் தந்திருக்கவில்லை. பத்து நாளில் அப்பாவுக்குப் புண் வந்துவிட்டது. இரண்டாவதாக வந்தவர் விழுப்புரம் பக்கம். கைராசிக்காரர். அப்பா எந்த நேரத்தில் தண்ணீர் கேட்பார், எப்படிப் படுத்தால் முனகுவார், எந்தப் பாட்டைப் போட்டால் சாப்பிடுவார் எல்லாம் மூன்று வாரத்தில் அத்துப்படி. நாங்கள் கொடுத்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கை ஏஜென்சி எடுத்துக்கொள்கிறது என்பது அவர் கிளம்புகிற அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பனியன் கம்பெனிக்குப் போகிறேன் என்று திருப்பூர் போய்விட்டார். அடுத்து வந்தவரை அப்பா ஏற்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டார். ஆள் மாறினால் இன்னொரு ஆள் என்று நினைப்பவர்கள் இதை அனுபவித்தவர்கள் இல்லை. ஒருவர் போகும்போது, ஒரு நோயாளியின் உடம்பைப் பற்றித் தெரிந்த அத்தனையும் அவரோடு வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது.

மதியம் மாத்திரக்காவின் வீட்டில் உட்கார்ந்தோம். மோர் கொடுத்தார். அப்போதுதான் சம்பளப் பேச்சு வந்தது. அவர் உடனே திருத்தினார்.

"சம்பளம்னு சொல்லக்கூடாது அண்ணா. ஊக்கத்தொகை. நாலாயிரத்து ஐநூறுல ஆரம்பிச்சது. அப்பறம் கொஞ்சம் ஏத்திக் குடுத்தாங்க."

பாதி நாள் வேலை என்று சொல்லித்தான் எடுத்தார்களாம். நான் பார்த்த அந்த ஒரு நாளிலேயே மதியம் ஒன்றரை ஆகிவிட்டது. பதிவு ஏற்றும் வேலை இரவு ஒன்பதுக்கு மேல் இருக்கிறது என்றார். பக்கத்துக் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் போனால் இதைப்போல இரண்டு மடங்கு கிடைக்கும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டு. அவரோடு பயிற்சிக்கு வந்தவர்களில் சிலர் அப்படிப் போய்விட்டார்கள். நீங்கள் ஏன் போகவில்லை என்றதற்குக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மிக்ஜாம் புயல்ல, 2023 டிசம்பர்ல, தண்ணி இடுப்பளவு. தண்ணி மேல எண்ண மெதக்குது. ஆயாவுங்க மாத்திரயெல்லாம் பொட்டியோட போச்சு. சீட்டும் போச்சு. யாருக்கு எந்த மாத்திர, எவ்ளோ பவருன்னு எனக்கு மனப்பாடம். அத வெச்சிக்கினுதான் மறுபடி வாங்கிக் குடுத்தேன். நா போயிட்டா அதெல்லாம் யாருக்குத் தெரியும் சொல்லுங்க."

இந்தப் பாசத்தை நம்பித்தான் திட்டம் ஓடுகிறது. பாசத்துக்கு ஊக்கத்தொகை போதும் என்று ஓர் அரசாங்கம் நினைப்பது தவறு. எந்தக் கட்சி ஆண்டாலும் தவறு.

இது தமிழ்நாட்டில் தொடங்கியதும் இல்லை. 1975-ல் அங்கன்வாடி வந்தபோது அந்தப் பெண்களுக்குக் கொடுத்ததற்கு மதிப்பூதியம் என்று பெயர். 2005-ல் கிராமப்புற சுகாதார இயக்கத்தோடு ஆஷா வந்தபோது அது ஊக்கத்தொகை. ஆஷா என்ற பெயரின் விரிவில்கூடச் செயற்பாட்டாளர் என்ற சொல்தான் இருக்கிறது, பணியாளர் என்ற சொல் இல்லை. பணியாளர் என்று எழுதிவிட்டால் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் உள்ளே வந்துவிடும். 2013-ல் 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து உட்கார்ந்த அந்த முத்தரப்பு மாநாடு, திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும், குறைந்தபட்சக் கூலியும் சமூகப் பாதுகாப்பும் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை ஏட்டில் இருக்கிறது. 2022 ஏப்ரலில் குஜராத் அங்கன்வாடிப் பணியாளர்கள் தொடுத்த வழக்கில், அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கன்வாடி தொடங்கி நாற்பத்தேழு வருஷம் கழித்து. மாத்திரக்காவுக்கு அவ்வளவு காலம் இல்லை.

சாயங்காலம் மாத்தூரில் ஓர் இளம்பெண்ணைச் சந்தித்தேன். இருபத்து மூன்று வயது. பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழை அலமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்துக் காட்டினார். மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இலவசமாகப் படித்தது. 2015-ல் தொடங்கிய பிரதமர் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட், ஹோம் ஹெல்த் எய்டு என்று இரண்டு படிப்புகள் உண்டு. படித்தவர்கள் ஜி.டி.ஏ. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். நோயாளியைக் குளிப்பாட்டுவது, படுக்கையை ஆளோடு மாற்றுவது, டியூப் பார்த்துக்கொள்வது, கை கழுவும் முறை, நாடி பார்ப்பது எல்லாம் பாடத்தில் இருக்கிறது. நல்ல பாடம்.

"மொத மாசம் அண்ணா நகர்ல ஒரு பாட்டி. பன்னெண்டு மணி நேர டூட்டி. நா நல்லாத்தான் பாத்துக்கினேன் அங்கிள். ஆனா பாத்திரம் தொலக்கச் சொன்னாங்க. அப்பறம் பாத்ரூம் கழுவச் சொன்னாங்க. சாப்பாட்டு டப்பாவ வெளிய செருப்புப் பக்கத்துல வெக்கச் சொன்னாங்க."

அன்றைக்கே வந்துவிட்டாயா என்று கேட்டேன். இல்லை. ஆறு மாதம் போயிருக்கிறார். பாட்டி விடவில்லையாம். பாட்டி இறந்தபிறகு ஏஜென்சி அடுத்த வீட்டுக்கு அனுப்ப ஒரு மாதம் ஆனது; அந்த ஒரு மாதத்துக்குக் காசு இல்லை. இப்போது மாதவரம் பக்கம் ஒரு குடோனில் பார்சல் ஒட்டுகிறார். "அங்க நின்னுக்கினே இருக்கணும். கால் வலிக்கும். ஆனா ஒண்ணாந்தேதி சம்பளம் வந்துரும்."

இந்தத் திட்டத்தில் பயிற்சி மையங்களுக்கு அரசின் பணம் தவணையாகத்தான் போய்க்கொண்டிருந்தது: ஆள் சேர்ந்து வகுப்பு தொடங்கியதும் ஒரு பங்கு, தேர்ச்சி பெற்றதும் ஒரு பங்கு, வேலையில் அமர்த்தியதும் கடைசிப் பங்கு. ஒரு வருஷம் கழித்தும் அந்தப் பெண் அந்த வேலையில் இருந்தால் என்று ஒரு பங்கு வைக்கவில்லை. அதனால் வருஷத்துக்கு வருஷம் புதுப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறோம். போன வருஷம் படித்தவர்கள் குடோனில் நிற்கிறார்கள். பயிற்சிக்குச் செலவழித்த பொதுப்பணமும் அவர்களோடு அங்கே நிற்கிறது.

அந்தப் பெண்ணை ஆறு மாதம் அண்ணா நகர் வேலையில் வைத்திருந்தது எது என்று விசாரித்தபோது நான் எதிர்பாராத பதில் கிடைத்தது. இலவச பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. மணலியிலிருந்து போக வரக் காசு கொடுத்திருந்தால் முதல் வாரத்திலேயே நின்றிருப்பேன் என்றார். மாத்திரக்காவும் அப்படி ஒன்று சொல்லியிருந்தார்: அவருடைய சின்னப் பையன் மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்த பிறகுதான் அவரால் எட்டு மணிக்குச் சுகாதார நிலையத்தில் இருக்க முடிகிறது. பராமரிப்புப் பணிக்கென்று போடாத இரண்டு திட்டங்கள் இந்தப் பெண்களை வேலையில் நிறுத்தி வைத்திருக்கின்றன. அப்படியானால் வழி தெரியாமல் இல்லை. பஸ்ஸும் உப்புமாவும் இவ்வளவு செய்யும்போது, ஒழுங்கான கூலி என்ன செய்யாது?

அவசரம் இருக்கிறது. 2021-ல் தமிழ்நாட்டில் நூறு பேரில் 13.6 பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள் என்பது மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. 2031-ல் அது 18.2 ஆகும். நமக்கு முன்னால் இருப்பது கேரளம் மட்டும்தான். அங்கே அரசின் மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீ, கே4கேர் என்ற பெயரில் தன் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, தானே முன்நின்று வீடுகளுக்கு அனுப்புகிறது. அரசு அமைப்பே அனுப்புவதால், மூன்றில் ஒரு பங்கைப் பிடுங்கும் ஏஜென்சிக்கு இடையில் வேலை இல்லை. ஜப்பானில் 2000-ல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கினார்கள். நாற்பது வயதானால் எல்லோரும் பணம் கட்ட வேண்டும். ஆட்கள் வேலையை விட்டுப் போவதைப் பார்த்து, அந்தக் காப்பீட்டுக் கட்டணத்திலேயே பணியாளர் கூலியை உயர்த்துவதற்கென்று தனித்தொகை சேர்த்தார்கள். அப்படியும் ஆள் போதாமல், 2021 ஜனவரியில் இந்தியாவோடு ஒப்பந்தம் போட்டு நம் பிள்ளைகளை அழைக்கிறார்கள். அதில் முதியோர் பராமரிப்பும் ஒரு துறை. நாம் இங்கே தன்னார்வலர் என்று அழைக்கும் அதே வேலையைச் செய்பவருக்கு அங்கே தொழிலாளர் விசா.

தமிழ்நாட்டிடம் வலை இருக்கிறது, பயிற்சி இருக்கிறது, ஐ.நா. விருது வாங்கிய அனுபவம் இருக்கிறது. செய்யவேண்டியது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. தன்னார்வலர் என்ற சொல்லை அரசாணையிலிருந்து எடுக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலியும் இ.எஸ்.ஐ.யும் கொடுக்க வேண்டும். ஐந்து வருஷம் தெருத்தெருவாகக் கால் பார்த்த ஒருவர் ஜி.டி.ஏ. ஆகவும், அங்கிருந்து துணைச் செவிலியர் படிப்புக்கும் ஏறிப்போக ஒரு படி வைக்க வேண்டும். இன்றைக்கு அவர் சேர்ந்த இடத்திலேயே நிற்கிறார். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளும் பெண்களை ஏஜென்சியிடம் விடாமல், மகளிர் குழுக்களே நடத்தும் மையங்கள் மண்டலத்துக்கு ஒன்று வேண்டும். மணலியில் தொடங்கலாம். லாரி ஓட்டுநரின் வால் எலும்புப் புண்ணை ஆற்றிய அந்த அம்மாவைப் போலச் சொந்த வீட்டில் கற்றுக்கொண்டவர்களுக்கும் அதில் தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கலாம். கணவர் எழுந்து உட்காரும் காலத்தில் அந்த அம்மாவுக்கு ஒரு தொழில் கையில் இருக்கும்.

இருட்டுகிற நேரம் மறுபடி சின்னசேக்காடு வழியாக வந்தேன். மாத்திரக்கா வாசலில் தெருவிளக்குக்குக் கீழே உட்கார்ந்து செல்போனில் அன்றைய எண்களை ஏற்றிக்கொண்டிருந்தார். பையன் பக்கத்தில் நோட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்துச் சொல்கிறான். நாளைக்குக் காலை கிழவியைச் சென்டருக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய் ஆகும், அது இவர் கைக்காசு.

படிப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் தெருவுக்கும் இப்படி ஒருவர் பையோடு வருகிறார். வந்தால் கதவைத் திறந்து உள்ளே உட்காரச் சொல்லுங்கள். அவர்கள் கூலி கேட்டு மனு கொடுக்கப் போகும் நாளில், உங்கள் வீட்டுப் பெரியவரின் பெயரையும் எழுதி, இவர் எங்கள் வீட்டுக்கு வருகிறவர் என்று ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.